தராசுக்கு ஊர் உண்டா?

நீதிபதிக்குச் சொந்த ஊர் உண்டா என்று கேட்டால், இதென்ன கேள்வி என்று சிரிப்பீர்கள். அவரும் ஒரு தாய் வயிற்றில் பிறந்து, ஒரு தெருவில் விளையாடி, ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம் அடிபட்டு வளர்ந்தவர்தானே! ஆனால், அவர் சொல்லும் தீர்ப்புக்குச் சொந்த ஊர் உண்டா என்று கேட்டால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். ‘இருக்கவே கூடாது’ என்று அவசரமாகப் பதில் வரும். தராசைப் பிடிப்பவனுக்கு மண்ணும் வேண்டாம், மனிதர்களும் வேண்டாம். பழகியவர் பழகாதவர் என்ற வேறுபாடும் வேண்டாம் என்போம். கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கும் மேனாட்டு நீதி தேவதையின் பதுமை உடனே நம் நினைவுக்கு வரும்.

இந்தப் பதில் எனக்கு முழுத் திருப்தி தருவதில்லை. மண்ணை மறந்தவன்தான் நடுநிலையாளனா? பற்று என்பது நீதிக்குப் பகைதானா? பொதுப்படையாகக் கேட்டுக்கொண்டிருந்தால் இதற்கு முடிவு காண முடியாது. ஒரு மனிதரின் வாழ்க்கையை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டுப் பார்க்கலாம். நான் எடுத்துக்கொள்ளும் மனிதர் வி. ஆர். கிருஷ்ணய்யர். இந்தியாவின் உச்ச நீதிமன்றத்தில் 1973 முதல் 1980 வரை நீதிபதியாய் இருந்தவர். தொண்ணூற்றொன்பது வயது வாழ்ந்து 2014 டிசம்பரில் மறைந்தவர். அவருடைய பெருமைகளைப் பட்டியல் போடுவது என் நோக்கமில்லை. நீதிபதியாவதற்கு வெகு காலம் முன்பு, அவர் ஒரு சிறிய பட்டினத்தில் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு திரிந்த நாட்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

1915-ஆம் ஆண்டு, பாலக்காட்டை அடுத்த வைத்தியநாதபுரத்தில், தமிழ்க் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தந்தை ராமய்யர் பெயர் பெற்ற வக்கீல். மகன் பாலக்காட்டிலும் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்திலும் படித்து, சென்னைச் சட்டக் கல்லூரியில் சட்டம் பயின்றார். மலபார் அப்போது சென்னை மாகாணத்தின் ஒரு ஜில்லா. சட்டம் படித்த இளைஞனுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கட்டடத்தின் மேல் ஆசை இருப்பது இயற்கை. அங்கே பேரும் உண்டு, பணமும் உண்டு. அவரோ 1930-களின் இறுதியில் கடற்கரைப் பட்டினமான தலைச்சேரியில், தந்தையின் கீழேயே தொழிலைத் தொடங்கினார்.

தலைச்சேரியைப் பற்றி இங்கே சிறிது சொல்லியாக வேண்டும். மிளகு வாங்க வந்த கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டை கட்டிக்கொண்ட ஊர் அது. மிளகைத் தொடர்ந்து கணக்கு வந்தது. கணக்கைத் தொடர்ந்து வழக்கு வந்தது. வழக்கைத் தொடர்ந்து கோர்ட்டும் ஆங்கிலப் பள்ளிக்கூடமும் வந்தன. மலையாளத்தின் தொடக்க கால நாவல்களில் பெரும்புகழ் பெற்ற ‘இந்துலேகா’வை 1889-ல் எழுதிய ஓ. சந்துமேனன் இந்த ஊரில் படித்தவர். முன்சீப் உத்தியோகம் பார்த்தவர். பகலெல்லாம் கட்சிக்காரர்களின் வாக்குமூலத்தைக் கேட்டுவிட்டு, ஓய்வு நேரத்தில் கதாபாத்திரங்களின் வாக்குமூலத்தை எழுதிய மனிதர். கதை வாசிக்கும் பழக்கமுள்ள நீங்கள் இதைத் தற்செயல் என்று தள்ளிவிட மாட்டீர்கள். இரண்டு தொழிலுக்கும் வேண்டிய குணம் ஒன்றுதான். எதிரில் நிற்பவன் பேசி முடிக்கும்வரை அவனைப் பற்றி முடிவு கட்டாமல் இருக்கும் பொறுமை அது.

அந்த வட்டாரத்து நிலமே தலைச்சேரிக் கோர்ட்டுக்கு வழக்குகளை விளைவித்துக் கொடுத்தது. நம் தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசுதாரைப் போல மலபாரில் ஜன்மி. ஜன்மிக்குக் கீழே காணக்காரர். அவருக்குக் கீழே வெறும்பாட்டக்காரர். அவருக்கும் கீழே, சேற்றில் இறங்கி உழைக்கும் கூலியாள். வருஷா வருஷம் பாட்டத்தை அளந்து கொடுப்பதைத் தவிர வெறும்பாட்டக்காரருக்கு அந்த நிலத்தோடு வேறு பிடிமானம் கிடையாது. காணக்காரருக்கும் கவலை இல்லாமல் இல்லை. ‘மேல்சார்த்து’ என்று ஒரு முறை இருந்தது. குடியிருப்பவரின் தலைக்கு மேலே வேறொருவருக்கு ஜன்மி சாசனம் எழுதிக் கொடுத்துவிடுவார். புதியவர் கோர்ட்டுக்குப் போய்ப் பழையவரை வெளியேற்றுவார். மலபார் கலெக்டராய் இருந்த வில்லியம் லோகன் என்ற வெள்ளைக்காரர், 1880-களின் தொடக்கத்திலேயே இதையெல்லாம் விசாரித்து, குடியானவர் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொல்லி அறிக்கை எழுதினார். 1930-ல்தான் மலபார் குடிவாரச் சட்டம் வந்தது. அதனால் காணக்காரருக்கு ஓரளவு நிழல் கிடைத்தது. வெறும்பாட்டக்காரர் பெரும்பாலும் வெயிலிலேயே நின்றார்.

சட்டப் புத்தகத்தில் இதற்கெல்லாம் ‘வெளியேற்ற வழக்கு’ என்று பெயர். கோர்ட்டு வராந்தாவிலோ அது தலைப்பாகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கும் ஒரு தகப்பன். அவனுக்குப் பின்னால் முந்தானையைப் பற்களுக்கிடையில் கடித்துக்கொண்டு நிற்கும் ஒரு தாய். குடியானவன் நட்ட மரங்களுக்கு ஈட்டுத்தொகை கொடுத்துவிட்டுத்தான் அவனை வெளியேற்ற வேண்டும் என்று 1900-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்லியிருந்தது. நல்ல சட்டந்தான். தென்னைக்கு இவ்வளவு, பலாவுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். அந்த மரத்தடியில் செத்துப்போன தாத்தாவைக் கிடத்தியிருந்த நினைவுக்கு யார் விலை போடுவது? புத்தகம் மட்டும் படித்தவனுக்கு இந்தக் கேள்வியே எழாது. வராந்தாவில் நின்றவனுக்கு எழாமல் இருக்காது.

அந்த வராந்தாவில் ஒரு தலைமுறையே கொதித்துக்கொண்டிருந்தது. குடியானவர் சங்கங்கள் வளர்ந்தன, கூட்டங்கள் நடந்தன, தடியடிகள் நடந்தன. வடக்கே கையூரில் 1941-ல் நடந்த மோதலில் ஒரு போலீஸ்காரர் உயிரிழந்தார். அதற்காக 1943-ல் கண்ணூர்ச் சிறையில் நான்கு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். இத்தகைய காலத்தில், கிருஷ்ணய்யர் குடியானவர்களுக்காகவும் தொழிலாளர்களுக்காகவும் கம்யூனிஸ்டுகளுக்காகவும் வாதாடும் வக்கீலாக அறியப்பட்டார். 1948-ல் அதற்கு விலையும் கொடுத்தார். போலீஸ் காவலில் நடந்த சித்திரவதையை அவர் எதிர்த்திருந்தார். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று சொல்லி அவரையே பிடித்து ஒரு மாதம் சிறையில் வைத்தார்கள். கட்சிக்காரனைச் சிறையில் சந்திக்கப் போகும் வக்கீல், கட்சிக்காரனோடு சிறையில் படுத்துறங்க நேர்ந்தது.

இவ்வளவையும் படித்துவிட்டு ஒரு வாசகர் என்னை மடக்கலாம். “சரி ஐயா, இவர் நல்ல மனிதர். ஏழைகளின் வக்கீல். அதற்குப் பிறகு அரசியலிலும் இறங்கினார். 1952-ல் கூத்துப்பறம்பிலிருந்து சுயேச்சையாக வென்று சென்னைச் சட்டசபைக்கு வந்தார். 1957-ல் கேரளத்தில் அமைந்த கம்யூனிஸ்டு மந்திரிசபையில் சட்டம், சிறை முதலிய இலாகாக்களுக்கு மந்திரியானார். 1959-ல் அந்த மந்திரிசபை கலைக்கப்பட்டது. இப்படி ஒரு பக்கத்திலேயே நின்று பழகிய மனிதரை 1968-ல் கேரள உயர் நீதிமன்றத்திலும், 1973-ல் உச்ச நீதிமன்றத்திலும் உட்கார வைத்தால் தராசு சாயாதா?”

இது வீண் கேள்வியில்லை. 1973-ல் வழக்கறிஞர்கள் சிலர் வெளிப்படையாகவே இதைக் கேட்டார்கள். அவரை நியமிக்கக் கூடாது என்று எதிர்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை. என் வழக்கை ஒரு நீதிபதி விசாரிக்கும்போது, அவர் எதிர்க்கட்சிக்காரனின் வக்கீலாக இருபது வருஷம் இருந்தவர் என்று தெரிந்தால் எனக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஜன்மியும் மனிதன்தானே? அவனுக்கும் நியாயம் வேண்டும் அல்லவா? ஏழை என்பதாலேயே ஒருவன் சொல்வது உண்மையாகிவிடாது. பணக்காரன் என்பதாலேயே ஒருவன் சொல்வது பொய்யாகிவிடாது. பற்று கண்ணை மறைக்கும் என்பது பெரியவர்கள் காலங்காலமாகச் சொல்லி வரும் எச்சரிக்கை.

ஆனாலும், வீட்டுக்குள் நடக்கும் ஒரு சிறு நீதியை எண்ணிப் பாருங்கள். தாய் ஒருத்தி தீபாவளிக்குச் செய்த அதிரசத்தைத் தன் குழந்தைக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் பங்கிடுகிறாள். தன் குழந்தைக்குப் பெரிய துண்டைக் கொடுத்தால் அது பட்சபாதம். தான் நியாயஸ்தி என்று ஊர் மெச்ச வேண்டும் என்பதற்காகத் தன் குழந்தைக்குச் சிறியதைக் கொடுத்தால் அதுவும் பட்சபாதமே. தன் புகழின்மேல் வைத்த பட்சபாதம். மூன்றாவது ஒரு தாய் இருக்கிறாள். தன் குழந்தை பசித்தால் எப்படி முகம் வாடும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததனாலேயே பக்கத்து வீட்டுக் குழந்தையின் வாட்டமும் அவள் கண்ணில் படுகிறது. பெறாதவள் கண்ணில் அது படாமலே போயிருக்கலாம். இந்த மூன்றாவது தாயிடம் பற்று இல்லையா? இருக்கிறது. அந்தப் பற்றே அவளுக்குப் பார்வையைக் கொடுத்தது.

பற்று இருக்கிறதா, இல்லையா என்று ஆராய்வதில் பயனில்லை. எல்லாருக்கும் இருக்கிறது. பட்டணத்துக் கிளப்பில் சீட்டாடி வளர்ந்தவருக்கும் ஒரு பற்று இருக்கிறது. அது எல்லாருக்கும் பழகிப்போனதால் யாருடைய கண்ணையும் உறுத்துவதில்லை, அவ்வளவுதான். அந்தப் பற்று எங்கே போய் நிற்கிறது என்பதையே நாம் பார்க்க வேண்டும். தன் ஊரின் எல்லைக் கல்லோடு நின்றுவிட்டால் அது வெறும் ஊர்ப்பாசம். எல்லைக் கல்லைத் தாண்டி, முகம் தெரியாத ஒருவனிடமும் போய்ச் சேர்ந்தால் அதுவே நீதியின் விதை.

இந்த உரைகல்லில் கிருஷ்ணய்யரை உரசிப் பார்ப்போம். 1978-ல் மத்தியப் பிரதேசத்திலிருந்து ஒரு கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஜாமீனில் விடலாம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லிவிட்டது. ஆனால் மாஜிஸ்திரேட் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். செங்கல் சுமந்து, சாந்து பூசிப் பிழைக்கும் மனிதன் பத்தாயிரத்துக்கு எங்கே போவான்? அவனுடைய தம்பியோ தமையனோ, கூடப் பிறந்தவன் ஒருவன், ஜாமீன் நிற்க முன்வந்தான். அவனுடைய சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது என்று சொல்லி அதை மறுத்துவிட்டார்கள்.

கவனியுங்கள், இது ஊரைப் பற்றிய வழக்கு. உன் ஊர் வேறு, என் ஊர் வேறு. ஆகையால் உன் ரத்தபாசம் இங்கே செல்லாத காசு என்று சொன்ன வழக்கு. தம் வட்டாரத்தின் மீது அவ்வளவு பிடிப்புள்ள கிருஷ்ணய்யர்தான் இதற்குத் தீர்ப்பு எழுதினார். ஜில்லா எல்லையைக் காட்டி ஜாமீனை மறுப்பதைக் கடுமையாகக் கண்டித்தார். இந்தியாவுக்குள் ஓர் இந்தியன் எப்படி அயலானாவான் என்று கேட்டார். ஆயிரம் ரூபாய்க்கு அந்தக் கொத்தனார் தாமே எழுதிக் கொடுக்கும் பத்திரத்தின் பேரில் அவரை விடுதலை செய்யச் சொன்னார். மலபாரில் இப்படிப்பட்ட எத்தனை அண்ணன் தம்பிகளைக் கோர்ட்டு வாசலில் பார்த்திருப்பாரோ! தலைச்சேரியில் கற்ற பாடம் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனாருக்கு உதவியது. அந்தக் கொத்தனாருக்குத் தலைச்சேரி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சிறையில் கழித்த அந்த ஒரு மாதமும் வீண்போகவில்லை என்றே எண்ணுகிறேன். தில்லி திகார் சிறையில் மரண தண்டனை விதிக்கப்பட்ட கைதி ஒருவன் தனிக் கொட்டடியில் அடைக்கப்பட்டதும், இன்னொரு கைதிக்கு இரும்புச் சங்கிலி பூட்டப்பட்டதும் 1978-ல் ஐந்து நீதிபதிகள் முன் விசாரணைக்கு வந்தன. சிறைக்குள் போனதனால் மனிதன் தன் அடிப்படை உரிமைகளை எல்லாம் வாசலில் கழற்றி வைத்துவிடுவதில்லை என்று அந்தத் தீர்ப்பு சொல்லிற்று. அதில் கிருஷ்ணய்யர் தனியாகவே ஒரு நீண்ட தீர்ப்பு எழுதினார். பிறகு அதே கைதி, தன் சக கைதி ஒருவன் வார்டரால் வதைக்கப்பட்டதைப் பற்றி ஒரு கடிதம் எழுதினான். வக்கீல் இல்லை, முத்திரைத்தாள் இல்லை, வெறும் கடிதம். அதையே மனுவாக எடுத்துக்கொண்டு விசாரித்தார்கள். 1979 டிசம்பரில் கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். 1980-ல், விசாரணைக் கைதிக்கு வழக்கமாகக் கைவிலங்கு பூட்டுவது கூடாது என்றார். கடனைத் திருப்பிக் கொடுக்க வழியில்லாத வறுமைக்காக மட்டும் ஒருவனைச் சிவில் சிறையில் போடலாகாது என்றும் அதே ஆண்டில் தீர்ப்பெழுதினார்.

அவருடைய தீர்ப்புகளின் ஆங்கிலம் பலாப்பழம் மாதிரி. வெளியே முள், உள்ளே சுளை. அகராதி இல்லாமல் படிப்பவர் கையைக் கீறிக்கொள்வார். எளியவர்களுக்காக எழுதியவர் எளிமையாக எழுதியிருக்கலாம் என்ற குறை எனக்கு உண்டு. ஆனால் கைதியின் கடிதம் எளிமையாகத்தான் இருந்திருக்கும். அதைப் படிக்க அவருக்கு அகராதி தேவைப்படவில்லை.

“ஏழைக்கு இரங்கினார், சரி. வலியவர் வந்து நின்றபோது?” என்று நீங்கள் கேட்பது நியாயம். நடுநிலைக்கு அது இரண்டாவது உரைகல். 1975 ஜூன் 12-ஆம் தேதி, பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றத்துக்கு அப்போது கோடை விடுமுறை. விடுமுறைக்கால நீதிபதி கிருஷ்ணய்யர். மத்திய சட்ட மந்திரி தம்மைச் சந்திக்க விரும்பினார் என்றும், மனுவைப் பதிவாளரிடம் தாக்கல் செய்தால் போதும் என்று தாம் சொல்லிவிட்டதாகவும் அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஜூன் 24-ஆம் தேதி உத்தரவு வந்தது. முழுத் தடை கேட்டார்கள், அவர் கொடுக்கவில்லை. பிரதமராகத் தொடரலாம், சபைக்குப் போகலாம். ஆனால் உறுப்பினராக வாக்களிக்கக் கூடாது, அதற்குரிய சம்பளமும் பெறக் கூடாது என்று நிபந்தனை போட்டார். மறுநாள் இரவு நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று.

அந்த உத்தரவில் இரு தரப்புக்கும் முழுத் திருப்தி இல்லை. பதவியைப் பறித்திருக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். நிபந்தனையே போட்டிருக்கக் கூடாது என்று சிலர் சொன்னார்கள். சட்டம் எவ்வளவு இடம் கொடுக்கிறது என்று அவர் கருதினாரோ அவ்வளவில் நின்றார். தம்முடைய மந்திரிசபை 1959-ல் கலைக்கப்பட்டபோது காங்கிரஸ் கட்சியின் தலைவியாய் இருந்தவர் இந்திரா காந்தி. பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்ள நினைக்கும் மனிதருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்த்திருக்காது. பதவி கொடுத்த அரசுக்கு நன்றிக்கடன் செலுத்த நினைப்பவருக்கும் இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்த்திருக்காது. அந்த உத்தரவில் பழைய கோபமும் தெரியவில்லை, புதிய நன்றியும் தெரியவில்லை.

இந்தக் கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது? இதையும் அந்தத் தலைச்சேரி நாட்களே கற்றுக் கொடுத்திருக்கும் என்பது என் எண்ணம். ஏழைகளைத் தூரத்திலிருந்து பார்த்து உருகுகிறவனுக்கு ஏழை தேவனாகத் தெரிவான். பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்காக வழக்கு நடத்துகிற வக்கீலுக்கு அந்த மயக்கம் நெடுநாள் நிற்காது. தன் கட்சிக்காரனும் பொய் சொல்லுவான், ரசீதை மறைப்பான், பங்காளியின் மேல் பழியைப் போடுவான் என்று முதல் வருஷத்திலேயே தெரிந்துபோகும். எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்தால் என்ன சொல்வார் என்று ராத்திரி முழுவதும் யோசித்து வைத்தால்தான் காலையில் கோர்ட்டுக்குப் போக முடியும். எதிரியின் நியாயத்தை எதிரியை விட நன்றாகத் தெரிந்துகொள்ளும் பயிற்சி அது. உள்ளூர்க் கோர்ட்டு அவருக்குப் பற்றையும் கொடுத்தது. அந்தப் பற்றைக் கட்டி வைக்கும் கயிற்றையும் கொடுத்தது.

கதை எழுதுகிறவனுக்கும் இது பொருந்தும். நான் எழுதும் ஊர் எனக்குத் தெரிந்த ஊர்தான். அதன் ஆற்றையும் தெருவையும் விட்டுவிட்டு, எந்த ஊரிலும் இல்லாத மனிதர்களைப் பற்றி எழுதினால் நீங்கள் இரண்டாவது பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவீர்கள். அதே சமயம், என் ஊர்க்காரன் என்பதற்காக அவனுடைய குற்றத்தை நான் மூடி மறைத்தாலும் நீங்கள் மூடிவிடுவீர்கள். வட்டிக்காரனுக்கும் ஒரு பக்கம் பேச இடம் கொடுத்தால்தான், அவனிடம் நிலத்தை இழந்தவனின் கண்ணீரை நீங்கள் நம்புவீர்கள்.

கடைசியாக, இதை நீதிபதிகளோடு விட்டுவிடவும் எனக்கு மனமில்லை. நாமும் நாள்தோறும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். மருமகளுக்கும் மகளுக்கும் நடுவில், வேலைக்காரிக்கும் காணாமற்போன வெள்ளி டம்ளருக்கும் நடுவில், நம் பிள்ளைக்கும் அவன் அடித்த பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் நடுவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறோம். அந்த நேரங்களில் நம் பாசத்தைக் கொன்றுவிட வேண்டும் என்று யாரும் நம்மைக் கேட்கவில்லை. கொன்றுவிட்டால், எதிரில் நிற்பவரின் வலி நமக்கு எப்படித் தெரியும்? நம் மகள் புகுந்த வீட்டில் படும் பாட்டை நினைத்து வருந்துகிற அதே மனத்தால், நம் வீட்டுக்கு வந்த மருமகளை ஒரு முறை பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னால் போதும். தலைச்சேரி வராந்தாவில் நின்ற குடியானவனின் முகத்தை மத்தியப் பிரதேசத்துக் கொத்தனாரிடம் கண்டுகொண்டதும் அத்தகைய மனம்தான்.